குழாயாய்ப் போன மூன்று டிரம்மர்கள்

சார்ஜா
12.2.2004

அன்புள்ள மாப்ள புகழேந்திக்கு,

மச்சான் சங்கிலிமுத்து எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். நீ இருக்கிறாயா என்றுதான் தெரியவில்லை. பொங்கல் கழிந்து மூன்று வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அய்யாதுரை நம்பருக்குப் போன் போட்டுவிட்டேன். மூன்று தடவையும் சோலைதான் வந்தாள். ஒரு தடவை நீ குளிக்கிறாய். ஒரு தடவை கம்பெனியிலிருந்து இன்னும் வரவில்லை. ஒரு தடவை, "இப்பத்தாண்ணே, அங்கன தெருமுக்குக்குப் போனாக" என்கிறாள். உன்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் என் தங்கச்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது. நீதான் பழக்கியிருக்கிறாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் ரூமுக்கு டென்னிஸ் என்று ஒரு பிலிப்பைன்ஸ்காரன் புதிதாக வந்திருக்கிறான். முன்பு ஹோட்டல் பேண்டில் டிரம்ஸ் வாசித்தவன், இப்போது என்னோடு ஏ.சி. கழுவுகிறான். அவனிடம் நம் தாளைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊருக்கு வெளிநாட்டுப் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வரும், அதைக் கிழித்து வெடிக்குக் குழாய் உருட்டுவோம், எண்பத்தெட்டில் எங்கள் வீட்டுக்கு வந்த கட்டு ஒன்றில் ஒரு இங்கிலீஷ் சங்கீதப் பத்திரிகை இருந்தது, அதில் உலகத்திலேயே பெரிய ராக் டிரம்மர்கள் ஐம்பது பேர் பட்டியல் என்று. ஐம்பதிலிருந்து நாலு வரைக்கும் உள்ள தாள் நம் கைக்கு வந்ததையும், மூன்று, இரண்டு, ஒன்று இருந்த தாளை அதற்குள் என் தங்கச்சி குழாயாக உருட்டி ஒட்டிவிட்டதையும் சொன்னேன். நாம் தலையில் அடித்துக்கொண்டபோது அவள் சொன்னாளே, "அம்புட்டுப் பெரிய ஆளுகன்னா தீவாளிக்கு எங்கனயாச்சும் வெடிச்சிருப்பாக" என்று, அதையும் சொன்னேன். டென்னிஸ் கட்டிலில் புரண்டு சிரித்தான். அந்த மூன்று பேர் யார் என்று பதினாறு வருஷமாகச் சண்டை போடுகிறோம் என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டான். நமக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பான்.

அவனும் நம் வழியில்தான் யோசிக்கிறான். நம் தாளில் பேர் இல்லாத பெரிய ஆள் எவனோ, அவன் மேலே இருந்திருக்க வேண்டும். ஜான் பான்ஹம் தாளில் இல்லை. கீத் மூன் இல்லை. இரண்டு இடம் போச்சு. மூன்றாவது ஆள் சார்லி வாட்ஸ் என்பது நான், ஜிஞ்சர் பேக்கர் என்பது நீ. இங்கே மூன்று வருஷம் வேலை பார்த்த பிறகு சொல்கிறேன் மாப்ள, சார்லி வாட்ஸேதான். கோட்டுப் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தவன் மாதிரி வந்து உட்காருவான். நாலே நாலு டிரம். ஒரு அடி கூடுதலாக அடிக்க மாட்டான். முடிந்ததும் எழுந்து போய்விடுவான். இந்த வெயிலில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஏறி இறங்குகிறவனுக்குத்தான் அவன் அருமை தெரியும். ஒன்றாவது இடத்துக்கே ஏற்றிவிடலாமா என்று பார்க்கிறேன்.

இங்கே இருக்கிற நம் ஊர் இருளாண்டி லீவில் வருகிறான். அவனிடம் ஒரு சி.டி. கொடுத்துவிடுகிறேன். டென்னிஸ் பதிந்து கொடுத்தது, அத்தனையும் டிரம்ஸுக்காகவே கேட்க வேண்டிய பாட்டுகள். அய்யாதுரை வீட்டில் போட்டுக் கேட்டு எழுது.

இனிமேல்தான் பெரிய விஷயம். அக்டோபரில் என் காண்ட்ராக்ட் முடிகிறது. மே மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருஷம் இங்கேதான். எனக்கு அலுத்துவிட்டது. முதுகு வலிக்கிறது என்று சொல்லக்கூட ஆள் இல்லாமல் தூங்கி எழுந்து போய்க்கொண்டிருக்கிறேன். டென்னிஸின் பழைய ஹோட்டலில் ஒரு டிரம் செட் விலைக்கு வந்தது, வாங்கிவிட்டேன். பேஸ் டிரம் என் கால்மாட்டில் நிற்கிறது, மூன்று வாரமாகக் காலை மடக்கித்தான் படுக்கிறேன். ஊருக்கு வந்து நம் வைப்பாறு இன்னிசைக் குழுவை மறுபடி கூட்டலாம். கீபோர்டு நான், டிரம்ஸ் நீ, மற்றவர்களைத் தேடிப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் நீ உட்கார்ந்தால்தான் எனக்கு ஊர். உட்காருகிறேன் என்று ஒரு வரி எழுது, நான் கையெழுத்துப் போடவில்லை. அம்மா போன பிறகு எனக்கு அங்கே நீயும் சோலையும் மட்டும்தான்.

சினேகாவுக்கு மாமன் முத்தம்.

சங்கிலிமுத்து


சாத்தூர்
9.3.2004

மச்சானுக்கு,

கடிதம் வந்தது. இருளாண்டியும் வந்தான். சி.டி.யையும் பேரீச்சம்பழத்தையும் கொடுத்தான். பழத்தைச் சோலை தெருவுக்கே பங்கு வைத்துவிட்டாள். சினேகாவுக்கு நாலுதான் மிஞ்சியது.

போனுக்கு வராததற்குக் கோபிக்காதே. அய்யாதுரை வீட்டில் எந்நேரமும் டி.வி. ஓடுகிறது. கடிதம் என்றால் நிதானமாக யோசித்து எழுதலாம். நேரில் இருந்தபோதே நாம் பேசினால் சண்டைதான்.

சார்லி வாட்ஸை ஒன்றாவது இடத்துக்கு ஏற்றுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் ஒழுங்கான ஆள், அதில் குறை இல்லை. ஒழுங்காக இருக்கிறவனையெல்லாம் பெரிய ஆள் என்றால் சாத்தூர் போஸ்ட்மேனும் பெரிய ஆள்தான். பான்ஹம் ஒற்றைக் காலால் பேஸ் டிரம்மில் அடுக்கி அடுக்கி அடிப்பதை மதுரையில் அந்தக் கேசட் கடையில் நின்று முதலில் கேட்டோமே. இரண்டு கால், இரண்டு டிரம் என்று நீ அடித்துப் பேசினாய். கடைக்காரர்தான் ஒரு கால் என்றார். நீ அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கு அந்த அடி இப்போதும் அப்படியே இருக்கிறது, தாளை எடுத்து எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். மூனிடம் நிதானம் இல்லை. அவன் வாசித்தால் பாட்டு இதோ கவிழ்ந்தது என்றிருக்கும், கடைசி வரைக்கும் கவிழாது. இரண்டு பேருமே முப்பத்திரண்டு வயதில் போய்விட்டார்கள். நாம் அதையும் தாண்டி இரண்டு வருஷம் இருக்கிறோம். பேக்கரை மூன்றாவது இடத்திலிருந்து நான் இறக்குவதாக இல்லை.

சி.டி. கேட்டேன். நன்றாக இருந்தது. மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் ரொம்ப நன்றாக விழுந்திருக்கிறது. வாசித்தது யார் என்று டென்னிஸிடம் கேட்டுச் சொல்.

கம்பெனியில் அதே வேலைதான். நீ மேனேஜரிடம், "ஆயிரம் வாலா சரத்துல எத்தனை வெடி வெடிக்கலைன்னு இவன் காதாலயே சொல்லிருவான், பாக்குறீகளா" என்று பந்தயம் கட்டி வாங்கிக் கொடுத்த வேலை. பதினோரு வருஷமாயிற்று. இன்னும் சாம்பிள் வெடிக்கிற இடத்தில் என்னைத்தான் நிற்க வைக்கிறார்கள்.

நீ வா. கையெழுத்துப் போடாதே. நான் உட்காருகிறேன். சாயங்காலம் பலகையை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் குச்சியால் தட்டிப் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

புகழேந்தி


சார்ஜா
20.5.2004

மாப்ள,

இரண்டு விஷயம். இரண்டும் நல்ல விஷயம் இல்லை.

முதலாவது. போன வாரம் டென்னிஸ் என்னை பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனான். "உலகத்தின் தலைசிறந்த ராக் டிரம்மர்கள்" என்று தட்டினான். வந்தது பார், ஒன்றல்ல இரண்டல்ல. நாற்பது பட்டியல் வரைக்கும் பார்த்துவிட்டுக் கண் எரிந்து நிறுத்திவிட்டேன். ஒன்றில் பான்ஹம் முதலில், ஒன்றில் மூன். ஒன்றில் நாம் பேரே கேட்காதவன் ஒருவன் முதலில் நிற்கிறான், நம் பான்ஹம் ஏழாவது இடத்தில் இருக்கிறார். இன்னொன்றில் சார்லி வாட்ஸ் பேரே இல்லை. நம் தாளில் நாலாவது இடத்தில் இருந்த ரிங்கோவை ஒருவன் முதலில் போட்டிருக்கிறான், இன்னொருவன் அவருக்கு வாசிக்கவே தெரியாது என்று கீழே எழுதி வைத்திருக்கிறான். ஆளாளுக்கு ஒரு பட்டியல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், நம்மைப் போல. சோலை உருட்டிய தாளில் என்ன இருந்தது என்று தெரிந்தாலும் அது எவனோ ஒருவன் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து எழுதியதுதான். இதற்காகவா லே நாம் ஒரு தீபாவளி முழுக்கப் பேசாமல் இருந்தோம்? வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தேன், எழுந்திருக்கவே மனசு வரவில்லை.

இரண்டாவது. நேற்று டென்னிஸ் தன் பெட்டியைக் குடைந்துவிட்டு ஒரு சி.டி.யை நீட்டினான். உனக்குப் போக வேண்டிய சி.டி. அதுதானாம். இருளாண்டி கையில் மாற்றிக் கொடுத்துவிட்டோம். உனக்கு வந்தது இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள்கிற சி.டி. மாப்ள. ஒரு பொம்பளை "இது ஆப்பிள், இது ஆரஞ்சு" என்று ஒரு மணி நேரம் சொல்லுவாள். அதில் மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் நன்றாக விழுந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய்.

சிரிக்கத்தான் பார்த்தேன். டென்னிஸ் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அனுப்பியதை நீ போட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் எனக்காக ஒதுக்க உனக்கு முடியவில்லை, போனுக்கு வரவும் முடியவில்லை. ஆனால் "நீ வா, நான் உட்காருகிறேன்" என்று எழுத மட்டும் முடிந்திருக்கிறது. அந்த ஒரு வரியை நம்பி ஏப்ரலிலேயே சூப்பர்வைசரிடம் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் இடத்துக்குக் கொல்லத்திலிருந்து ஆள் எடுத்துவிட்டார்கள்.

நீ நிஜமாகப் பழகுகிறாயா? அல்லது அதுவும் மூன்றாவது பாட்டு மாதிரிதானா?

சங்கிலிமுத்து


சாத்தூர்
14.6.2004

மச்சானுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன். சோலைதான் பேனாவை எடுத்து முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அவளைத் திட்டாதே. போனில் அவள் சொன்னதெல்லாம் நான் சொல்லச் சொன்னது. உன் அண்ணனிடம் சொன்னால் நான் சாப்பிட மாட்டேன் என்று மிரட்டி வைத்திருந்தேன்.

எனக்குக் காது கேட்கவில்லை. இடது காது சுத்தமாக இல்லை. வலது காதில் கத்தினால் சத்தம் வரும், சொல் விளங்காது. சி.டி.யை அய்யாதுரை வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போட்டு, பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையில் ஒன்றும் அதிரவில்லை. மெதுவான பாட்டு போல என்று நினைத்துக்கொண்டேன். இப்போதுதான் தெரிகிறது, ஆப்பிள் ஆரஞ்சுக்கு என்ன அதிரும்.

எப்படி ஆயிற்று என்று கேட்பாய். ஒரே நாளில் ஒன்றும் ஆகவில்லை. எந்த விபத்தும் இல்லை. சாம்பிள் வெடிக்கிற இடத்தில் ஒரு நாளைக்கு இருபது சரம், முப்பது சரம், பதினோரு வருஷம். மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். பஞ்சு வைத்தால் நடுவில் விட்டுப்போன வெடி எனக்குத் தெரியாது. எனக்கு அந்த வேலையே அதற்குத்தான். சரத்துக்கு முதுகைக் காட்டி நின்று கேட்பேன். வரிசையாகப் போகிற சத்தத்தில் ஒன்று விழாவிட்டால் தாளம் தப்பியது போல உடனே உறுத்தும். "முப்பத்தி ரெண்டு போச்சு அண்ணாச்சி" என்பேன், கூட்டி எண்ணிப் பார்த்தால் முப்பதோ முப்பத்தி மூன்றோ இருக்கும். அது எனக்குப் பெருமையாக இருந்தது. மேடையில் கைத்தட்டு வாங்கியதை விடப் பெருமை.

போன வருஷம் ஆவணியில் ஜெய்ப்பூர் ஆர்டர் ஒரு லோடு போனது. நான் நல்ல சரக்கு என்று சொன்ன சரக்கு. தீபாவளி முடிந்ததும் அங்கிருந்து புகார் வந்தது, சரம் பாதி ஓடிப் பாதியில் நின்றுவிடுகிறது என்று. மேனேஜர் மிச்சம் இருந்ததிலிருந்து ஒரு சரம் எடுத்து என்னை நிற்க வைத்துக் கொளுத்தினார். நான் முதுகைக் காட்டி நின்று கேட்டேன். கடைசி வரைக்கும் ஓடிவிட்டது என்றேன். திரும்பிப் பார்த்தால் பாதிச் சரம் அப்படியே தரையில் கிடக்கிறது. என் காதுக்குள் ஒரு இரைச்சல் எந்நேரமும் ஓடுகிறது மச்சான், சரம் வெடிக்கிற அதே சத்தம். எது வெளியே, எது உள்ளே என்று எனக்குத் தெரியவில்லை.

மதுரையில் டாக்டரிடம் காட்டினோம். நரம்பு போய்விட்டது, மிஷின் வைத்தாலும் இரைச்சல்தான் கூடும் என்று சோலையிடம் சொன்னாராம். கம்பெனியில் என்னை வெளியே அனுப்பவில்லை. பெண்களோடு உட்கார்ந்து பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறேன். அவர்கள் சிரித்தால் நானும் சிரித்து வைக்கிறேன். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று சில நாள் தோன்றும்.

பழகுவதாக எழுதியது பொய் இல்லை. பலகையில் தட்டினால் தொடையில் தெரிகிறது. அந்தத் தைரியத்தில் ஒரு காரியம் செய்தேன். சித்திரையில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கோயில் பொங்கலுக்கு வந்த கச்சேரிக்காரர்களுக்கு டிரம்மர் வரவில்லை. என் பேர் தெரிந்த யாரோ வந்து கூப்பிட்டார்கள். என் காது விஷயம் அவர்களுக்குத் தெரியாது. உட்கார்ந்து காட்டிவிட்டால் உனக்கு எழுதியது உண்மையாகிவிடும் என்று போனேன். பாடுகிறவன் வாயைப் பார்த்துக்கொண்டே இரண்டு பாட்டு ஓட்டினேன். மூன்றாவது பாட்டில் கண்ணை மூடிவிட்டேன். பழைய பழக்கம். நன்றாக விழுகிறது என்று நினைத்தேன், மச்சான், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. யாரோ கையைப் பிடித்தார்கள். கண்ணைத் திறந்தால் சோலை மேடையில் நிற்கிறாள். மற்றவர்கள் எல்லாரும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சினேகா நோட்டில் சோலை எழுதிக் காட்டினாள்: "பாட்டு முடிஞ்சு போச்சு. நீங்க மட்டும் அடிச்சுக்கிட்டு இருந்தீக."

ஜனங்கள் கை தட்டினார்களாம். நான் தனியாக வாசித்துக் காட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

பதினாறு வருஷமாக நாம் யார் பலமாக அடித்தான், யார் வேகமாக அடித்தான் என்றே பேசினோம். பான்ஹம் அடித்ததில் பாதி, பக்கத்தில் இருப்பவன் என்ன வாசிக்கிறான் என்று கேட்டுக்கொண்டு அடித்தது. அது எனக்கு லேபிள் ஒட்டுகிற இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. உன் சார்லி வாட்ஸைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

எப்படியாவது பேசிக் கையெழுத்துப் போட்டுவிடு. காலைப் பிடித்தாவது போடு. எனக்காக வராதே.

புகழேந்தி


சார்ஜா
5.7.2004

மாப்ள,

காலைப் பிடித்தாயிற்று. சூப்பர்வைசர் கொல்லத்துக்காரனுக்கு விசா அடித்துவிட்டேன் என்கிறான். மார்ச் மாதம் நீ உண்மையை எழுதியிருந்தால் நான் இருந்திருப்பேன். உன் ஒரு வரிக்கு மூன்று வருஷச் சோறு போச்சு. திட்டி நாலு பக்கம் எழுதினேன், கிழித்துப் போட்டுவிட்டேன். காது கேட்காதவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்று டென்னிஸ் சொன்னான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆனாலும் நீ இப்படி உட்கார்ந்துவிடக் கூடாது. ரிக் ஆலன் நினைவு இருக்கிறதா? கார் கவிழ்ந்து இடது கை போன ஆள். அப்போது அவனுக்கு இருபத்தொரு வயது. அந்தக் கை செய்த வேலையைக் காலுக்கு மாற்றிப் பழகி, அதே பேண்டில் திரும்ப வந்து உட்கார்ந்தான். இன்றைக்கும் வாசிக்கிறான். என் பட்டியலில் இனி அவனுக்குத்தான் ஒன்றாவது இடம். கை இல்லாமல் அவனால் முடிந்தது என்றால், காது இல்லாமல் உன்னாலும் முடியும். டிரம் செட்டை நான் விற்கவில்லை. கப்பலில் போடுகிறேன். தரை அதிர்வதைக் காலால் பிடித்துக்கொள். நான் முன்னால் நின்று கை காட்டுகிறேன்.

சங்கிலிமுத்து


சாத்தூர்
27.7.2004

மச்சானுக்கு,

கை இல்லாதவன் கதை எனக்கு வேண்டாம். அவனுக்குக் காது இருந்தது.

மேனேஜர் ஒருத்தன் கதையைச் சொல்கிறார், ஸ்கூல் வாத்தியார் இன்னொருத்தன் கதையைச் சொல்கிறார், கோயில் பூசாரிகூடச் சொல்கிறார். எல்லாரும் எங்கேயோ கண் இல்லாதவன், கால் இல்லாதவன் ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்துகிறார்கள். எல்லாவற்றையும் சோலை நோட்டில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது, அவளுக்கும் கை வலிக்கிறது. நீயாவது அவர்களில் ஒருத்தனாக இல்லாமல் இருப்பாய் என்று நினைத்தேன்.

டிரம் செட்டைக் கப்பலில் போடாதே. வந்தால் வாசலிலிருந்தே திருப்பி அனுப்புவேன். என்னை எந்தப் பட்டியலிலும் சேர்க்காதே. நான் சாத்தூரில் லேபிள் ஒட்டுகிறவன், அவ்வளவுதான். உன் மூன்று வருஷத்துக்கு நான்தான் காரணம். மன்னித்துக்கொள் என்று கேட்கக்கூடத் தெம்பு இல்லை.

புகழேந்தி


சார்ஜா
18.9.2004

மாப்ள,

ஒன்றரை மாதம் எழுதவில்லை. கோபத்தில் இல்லை. எழுத வேண்டியதை எழுத வரவில்லை.

டிரம் செட்டை டென்னிஸின் கூட்டாளி எடுத்துக்கொண்டு போய்விட்டான். இப்போது காலை நீட்டிப் படுக்க முடிகிறது. ஆனால் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் இங்கே வருவதற்கு முன்னால் கடைசியாக நாம் வாசித்தது சூலக்கரையில், ஆபீஸ்காரர்கள் நடத்திய பொங்கல் விழாவில். இரண்டாயிரத்து ஒன்று, தை மாதம். அன்றைக்கு நீ உன் பக்கத்தில் இருந்த மானிட்டர் ஸ்பீக்கரைக் கூட்டச் சொல்லி மூன்று தடவை கை காட்டினாய். எங்களுக்கெல்லாம் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது, உனக்குப் போதவில்லை. எப்போதும் அடிப்பதை விடப் பலமாக அடித்தாய். நாலாவது பாட்டில் தாளம் பின்னால் போக ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அதற்கு முன்னால் உன் கையில் தாளம் பின்னால் போய் நான் பார்த்ததே இல்லை. நான் திரும்பிப் பாடுகிறவனுக்கும் கிடார்காரனுக்கும் கை காட்டினேன், அவன் போகிற வேகத்துக்கே போங்கள் என்று. நாங்கள் ஆறு பேரும் உன் பின்னால் வந்தோம். பாட்டு முழுக்க அப்படியே இழுத்துக்கொண்டு போனோம். கீழே இருந்த ஒருத்தனுக்கும் தெரியவில்லை.

திரும்பி வருகிறபோது வேனில் நீ என்னிடம் கேட்டாய், "இன்னைக்கு நல்லா விழுந்துச்சுல்ல மச்சான்?" என்று. நான், "அருமைலே" என்றேன்.

எனக்குத் தெரியும் மாப்ள. காது என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. சாம்பிள் வெடிக்கிற வேலையால்தான் என்றும் பட்டது. அந்த வேலையைப் பந்தயம் கட்டி வாங்கிக் கொடுத்தவன் நான். அதை நானே வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே என்று இருந்தது. பத்து நாளில் ப்ளைட். கிளம்புகிற நேரத்தில் உன் முகத்தைச் சிரித்த முகமாகப் பார்த்துவிட்டுப் போனால் போதும் என்று கிளம்பிவிட்டேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீ அந்த இடத்தை விட்டு வந்திருப்பாய், பாதிக் காதாவது மிஞ்சியிருக்கும். நீ எனக்கு ஒரு பொய் எழுதினாய் என்று நான் மூன்று வருஷச் சோற்றைச் சொல்லிக் காட்டினேன். உன்னிடமிருந்து நான் எடுத்ததைச் சொல்லவே இல்லை.

இருபத்தொன்பதாம் தேதி, அக்டோபர், டிக்கெட் போட்டாயிற்று. மதுரையில் ஒருவர் ஏ.சி. கடையில் வேலை தருகிறேன் என்கிறார், தங்க இடமும் உண்டு. சாத்தூருக்கு வரட்டுமா, அங்கேயே இருந்துகொள்ளட்டுமா என்று நீதான் சொல்ல வேண்டும். வராதே என்று எழுதினாலும் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன். வருத்தம்தான். ஆனாலும் வர மாட்டேன்.

சங்கிலிமுத்து


சாத்தூர்
6.10.2004

மச்சானுக்கு,

கடிதம் வந்தது. சோலையும் படித்தாள். படித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நீ கை காட்டியதை நான் பார்த்தேன். டிரம்மர் எல்லாருக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன். மேடையில் யார் யாரைத் திரும்பிப் பார்த்தாலும் அவனுக்குத் தெரியும். நீ திரும்பினாய், கையைத் தாழ்த்திக் காட்டினாய், கிடார்காரன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். வேனில் நல்லா விழுந்துச்சா என்று கேட்டது அதனால்தான். நீ இல்லை என்று சொல்வாய் என்று கேட்டேன்.

அப்புறமும் காத்திருந்தேன். நீ அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தையும் இதில் இருக்கும் என்றுதான் பிரித்தேன். நீ சார்லி வாட்ஸைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தாய். நானும் பான்ஹமைப் பற்றி எழுதினேன்.

உன்னை மட்டும் சொல்லி என்ன. நீ சொல்லாதவரைக்கும் அது உண்மை இல்லை என்று வைத்துக்கொண்டு நான்தான் தினமும் பஞ்சு இல்லாமல் போய் நின்றேன். போதும் மச்சான். இரண்டு பேரும் பொய் சொல்லிக் களைத்துப்போனோம்.

மதுரையில் போய் இருந்துகொள்ளாதே. இங்கேயும் ஏ.சி. வைத்த கடைகள் வந்துவிட்டன, ஏதாவது செய்து பிழைத்துக்கொள்ளலாம். எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். அது கடிதத்தில் தீராது. எதிரே உட்கார்ந்து மெதுவாகப் பேசு, உதட்டைப் பார்த்தால் எனக்கு இப்போது பாதிக்கு மேல் விளங்குகிறது. சோலை பேசுவதும் சினேகா பேசுவதும் அப்படித்தான் விளங்குகிறது.

வருகிறபோது உன் மீசையை எடுத்துவிட்டு வா.

புகழேந்தி